முதல் கட்டத்தில் நிற்பவன்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது ஐயா. நான் அழுத்தி எழுதுகிறவன். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு அப்படித்தான் வரும், தாளின் பின்பக்கம் மேடு தட்டிவிடும். நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம், என் கையாலேயே எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி கழுவுவது எங்கள் வேலை. ஆலைகளில் கழிவைத் தேக்கி வைக்கும் பெரிய தொட்டிகள். மேலே ஓர் ஆள் நுழையும் வட்டமான வாய், உள்ளே இரும்பு ஏணி, அடியில் முழங்கால் அளவு சேறு. மூடியைத் திறந்ததும் காற்று மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்து மீட்டர் கத்தினால் அரை நாள் விசிறி வைத்துக் காற்று ஊத வேண்டும். எப்படியானாலும் முதலில் இறங்குகிறவர் மேஸ்திரி. அது யாரும் எழுதி வைக்காத சட்டம். மேஸ்திரி நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் பச்சை எரிந்த ஒரு தொட்டியில் இறங்கினேன். சேற்றைக் கிளறியதும் அழுகிய முட்டை வாடை வந்தது. அப்புறம் வாடையே இல்லை. வாடை நின்றது நல்லதற்கென்று நினைத்தேன். கண் விழித்தபோது மேலே படுத்திருந்தேன், மச்சான் என் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி அவன். என் இடுப்புக் கயிற்றைத் தனி ஆளாக இழுத்து என்னை மேலே கொண்டுவந்தவன். "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது மாமா, எழுந்திருங்க" என்று அழுதான்.

அன்றிலிருந்து தொட்டியின் வாயைப் பார்த்தால் என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவேன், ஒவ்வொரு படியிலும் வாடை வருகிறதா, நின்றுவிட்டதா என்று மூக்கை நீட்டிக்கொண்டே. வீட்டில் குளியலறைக் கதவைக்கூடச் சாத்த மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பயந்த மேஸ்திரியை யார் வைத்துக்கொள்வார்கள்? இதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் மச்சான்தான் போனில் அந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். கூலிக்குச் சண்டை போடும் ஆறு சிப்பாய்களை நாம் நடத்த வேண்டும். தரை முழுக்கச் சதுரக் கட்டங்கள். நம் ஆட்கள் பார்க்காத கட்டமெல்லாம் இருட்டு. ஒருவன் முன்னால் போய் நின்றால்தான் இருட்டு விலகும், எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியும். எல்லோரையும் நகர்த்திவிட்டு நம் முறையை முடிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்புறம் எதிரியின் முறை. அப்போது நம் ஆள் சாகப் போகிறான் என்று தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செத்தால் வேறொருவனைக் கூலிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சிப்பாய்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். அப்படித்தான் எனக்கு எழுத்து வந்தது. எங்கள் குழு ஆட்களின் பெயர்களையே வைத்தேன். ஒல்லியாக இருப்பதால் ஊசி. எந்நேரமும் பாடுவதால் பாட்டுக்காரர். அப்புறம் மச்சான்.

"என்ன மாமா, என் பேருல புள்ளியவே காணோம்? நான் என்ன பொட்டில்லாம போறவனா?" என்று சிரிப்பான். விரலைப் பிடித்துப் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுப்பான். நல்ல பையன் ஐயா. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த ஆட்டத்தில் ஒன்றைக் கவனித்தேன். கட்டளையிடுகிறவன் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆறு பேரும் செத்தாலும் அவனுக்கு ஒரு கீறல் கிடையாது. அதைக் கண்ட அன்று நான் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வருடம் போல் இறங்கிப் பார்த்தேன். முடியவில்லை. "இனிமே முறை வெச்சு இறங்குவோம், எல்லாரும் கத்துக்கணுமில்ல" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஆட்டத்தில் குறி தப்பாத ஆளை முன்னால் அனுப்புவது முட்டாள்தனம். கடைசியாகச் சேர்ந்தவனை அனுப்ப வேண்டும். எங்களில் கடைசியாகச் சேர்ந்தவர் பாட்டுக்காரர். ஒவ்வொரு வேலைக்கும் முந்தின நாள் மத்தியானம் லாரி நிழலில் உட்கார்ந்து அவரை முதல் கட்டத்தில் நிறுத்தி ஆடிப் பார்ப்பேன். மறுநாள் அவரே முதலில் இறங்குவார்.

ஒரு நாள் மீட்டர் சிவப்புக் காட்டியது. அது கத்தும் துளையில் நான் முன்பே டேப் ஒட்டியிருந்தேன், அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை என்பதற்காக. விசிறி வைத்திருக்கலாம். ஆனால் விசிறி வைத்தாலும் தொட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மீட்டர் ஒரு பெட்டி. ஏற்கெனவே ஒருமுறை என்னிடம் பொய் சொன்ன பெட்டி. மனிதன் பொய் சொல்ல மாட்டான், நின்றால் நிற்பான், விழுந்தால் விழுவான். பாட்டுக்காரர் பாடிக்கொண்டே இறங்கினார். தொட்டிக்குள் அவர் குரல் மிக அழகாக எதிரொலிக்கும். பாட்டின் இரண்டாவது அடியின் நடுவில் குரல் நின்றது.

மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார்கள். மீட்டரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆட்டத்தில் அவரை அதற்குப் பிறகு முன்னால் அனுப்பவே இல்லை. என் போன் உங்களிடம்தான் இருக்கிறது, பாருங்கள், பாட்டுக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் என் போனை எடுத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மாமா, முதல் கட்டத்துல ஏன் என் பேரு நிக்குது?"

"ஆட்டம்தானேடா."

"முன்னாடி அந்த எடத்துல பாட்டுக்காரர் நின்னாரு. நான் பாத்திருக்கேன்." அப்புறம் மெதுவாகக் கேட்டான். "அன்னைக்கு மீட்டர் என்ன காட்டுச்சு மாமா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் எழுந்து போய்க் கருவிப் பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்தான். டேப்பைத் தடவிப் பார்த்தான்.

"நாளைக்கு நீங்க மொதல்ல இறங்குங்க. இறங்கிட்டீங்கன்னா நான் தப்பா நெனச்சுட்டேன்னு கால்ல விழறேன். இல்லன்னா அக்காகிட்ட சொல்லுவேன். ஆலையிலயும் சொல்லுவேன்."

மறுநாள் தொட்டி வாயில் நாங்கள் இருவர் மட்டும். ஊசி லாரியில் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் மீட்டரை இறக்கி ஏற்றினேன். பிறகு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்தேன். சத்தியமாக இறங்கத்தான் நினைத்தேன். முழங்கால் ஆடிய ஆட்டத்தில் ஏணியே கடகடவென்று ஆடியது. சின்னப் பிள்ளைபோல் கால்சட்டையை நனைத்துக்கொண்டேன்.

மச்சான் அதைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது.

"மாமா... இவ்வளவு பயத்த வெச்சுக்கிட்டா இத்தனை நாளா? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? வாங்க மேல." என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். "நான் போறேன். அக்காகிட்ட ஒண்ணும் சொல்லல. மீட்டர் என்ன சொல்லுது?"

விளக்கின் மேல் என் கட்டை விரல் இருந்தது.

"பச்சை" என்றேன்.

நான் செய்தது அந்த ஒரு சொல்தான் ஐயா. தள்ளவில்லை, அடிக்கவில்லை. அவனாகத்தான் இறங்கினான். சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னான். ஆனால் அவன் பார்த்துவிட்டான். பார்த்தவன் எதிரில் நான் எப்படி மேஸ்திரியாக நிற்பது?

எங்கள் வேலையில் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நலம், இரண்டுமுறை இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். கயிறு இரண்டுமுறை இழுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. என் கையில்தான் இருந்தது. நான் என் முறையை முடித்துவிட்டிருந்தேன். முடித்த பிறகு பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். கடைசியாக ஒன்று மட்டும் மெல்ல இழுத்தது. ஒன்று என்றால் நலம். அதை வைத்துத்தான் பேசாமல் நின்றேன்.

ஊசி ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கி இழுத்தான். என் காலடியில் மீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததை அவன்தான் பார்த்தான்.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பச்சைன்னு கேட்டுக்கிட்டுத்தானே இறங்கினான்?" ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நாளைக் காலை என்னை அந்தத் தொட்டிக்குக் கூட்டிப்போய், உள்ளே இறங்கி, அவன் கிடந்த இடத்தைக் காட்டச் சொல்வதாகச் சொன்னீர்கள். காட்டுகிறேன். எதையும் மறைக்க மாட்டேன். ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டால் நல்லது. வாசலில் நிற்கிறாரே அந்தக் காவலர், வேலைக்குப் புதிது என்று பேசிக்கொண்டார்கள், அவர் போதும். அவர் பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.