மாடி வீட்டு எண்

— கேக் மேல என்ன வேணா எழுது தம்பி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துடணும். அந்த நேரம் எங்க வீட்டுக்காரர் வாயில இனிப்பு இருக்கணும்.

— பிறந்த நாளா அக்கா?

— இல்ல. எங்க எண்ணு உடையற நாள்.

— எந்த எண்ணு?

— தெருவுக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? எங்க கல்யாணத் தேதி எட்டு இலக்கம். அதோட வீட்டு எண் இருநூத்திப் பதினொண்ணு. சேர்த்து எழுதினா பதினொரு இலக்கம். "இது பகா எண்தான், நம்மள எதாலயும் வகுக்க முடியாது"ன்னு ஆறு வருஷமா தினமும் தையல் கடையைப் பூட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் வகுத்துப் பார்க்கிறாரு மனுஷன். நான் பட்டியல் பார்த்து ஒவ்வொரு பகா எண்ணா படிப்பேன். மீதி வந்தா ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

— வகுத்து முடிக்க ஆயுசு போதுமா?

— வர்க்கமூலம் வரைக்கும் போனா போதும்பா. அதுக்குள்ள வகுபடலேன்னா அப்புறம் எதுலயும் வகுபடாது. இன்னும் நாலே பக்கம்தான் பாக்கி.

— அப்போ நல்ல சேதிதானே!

— எங்க? முதல் வாரமே என் மக போன்ல போட்டுப் பார்த்துட்டா. வகுபடுது. வகுக்கிற எண், வெள்ளிக்கிழமை படிக்க வேண்டிய பக்கத்துல மூணாவது வரியில உக்காந்திருக்கு.

— ஆறு வருஷமா நீங்களும் வாயைத் திறக்கலையா!

— எப்படித் திறப்பேன்? அதுக்கு முன்னால "சாப்பாடு ஆச்சா", "ஆச்சு", அவ்வளவுதான் எங்க பேச்சு. இந்த ஒரு மணி நேரம் ஆண்டவன் கொடுத்தது.

— அந்த வரியை மட்டும் தாண்டிப் படிச்சிடுங்களேன்.

— ஒத்திகை பார்த்தேன், நாக்கு எழும்பல. சாமிக்குப் பயந்தவ நான். அதான் வேற வழி யோசிச்சேன். எங்க மாடி காலியா இருந்துச்சு. அதோட எண் இருநூத்திப் பதிமூணு. இருநூத்திப் பதினொண்ணுக்குப் பதிலா அதைத் தேதியோட சேர்த்தா வகுபடாதாம், மக பார்த்துச் சொன்னா. "கீழ ஈரமா இருக்கு"ன்னு சொல்லி அவரை மேல கூட்டிட்டுப் போயிடலாம்னு இருந்தேன்.

— புது எண்ணுன்னா முதல்லேர்ந்து வகுக்கணுமே?

— ஆமா! இன்னும் ஆறு வருஷம்!

— அப்புறம் கேக் எதுக்கு?

— நேத்தே எவனோ மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டானாம். பேரைச் சொல்லக் கூடாதுன்னு ஓனரம்மாகிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கான். அவன் நல்லா இருக்கட்டும். ஆனா படியேறும்போது ஒரு தடவை கால் இடறட்டும்!

— ஐயோ, வாபஸ் வாங்குங்க அக்கா! அவருக்கு ஏற்கெனவே முழங்கால் வலி.

— யாருக்கு?

— அந்த ஃபிரிட்ஜைத் திறங்க. மேல்தட்டுல ஒரு கேக் இருக்கு, அதுல எழுதியிருக்கறதைப் படிங்க.

— இது எங்க கல்யாணத் தேதி... கடைசியில இருநூத்திப் பதிமூணா?

— உங்க வீட்டு அண்ணன் நேத்து சொல்லிட்டுப் போன கேக் அது. நாலு வருஷத்துக்கு முன்னால பழைய எண்ணை அவர் என் போன்லதான் போட்டுப் பார்த்தாரு. "வகுபடுதுன்னு தெரிஞ்சா அவ படிக்கிறதை நிறுத்திடுவாடா, வாயைத் திறக்காதே"ன்னாரு.