சிவப்பு விளக்குக்குக் கை தட்டாதீர்கள்

மன்றத்தின் தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும், எங்கள் தறிக்கூடத்தின் மேற்பார்வையாளருமான தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் வெள்ளை உடையும் வெள்ளைச் சிரிப்புமாக வீற்றிருக்கும் நலப் பயிற்றுநர் அவர்களே! தறியோசை தின்று காது மந்தமானாலும் கருத்து மந்தமாகாத மூத்தோர்களே! காலை ஷிப்டு முடித்து, கால் கடுக்க நடந்து வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும் என் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கழுத்தில் பதக்கம் மின்ன, என்னை மட்டும் பார்க்காமல் மேடையில் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் என் கூடப்பிறந்த அக்காவே! அனைவருக்கும் இந்தத் தறிக்காரியின் அன்பு வணக்கம்.

நன்றியுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த மன்றத்தில் நன்றியுரை என்றால் நான்தான். ஓய்வு பெறுகிறவருக்கு விழாவா, பந்தாட்டத்தில் தோற்றவருக்கு ஆறுதல் விழாவா, கழிப்பறைக்குக் கதவு மாட்டிய விழாவா, கூப்பிடு அவளை! ஏனென்றால், மற்றவர் நன்றி சொல்ல எழுந்தால் கூட்டமும் எழுந்துவிடும். நான் எழுந்தால், சிற்றுண்டிப் பொட்டலம் வந்து சேரும்வரை கூட்டம் உட்கார்ந்திருக்கும். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் சிரிக்க முடியும்.

உடல் கழிவு நீக்கத் திட்டத்தின் முதல் அணி முடிந்தது. இரண்டாம் அணி இன்று தொடங்குகிறது. வாசல் மேசையில் பொடி டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் நாலு வரி நன்றி சொல்லி முடித்ததும், நீங்கள் போய் அந்த மேசைக்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கப் போகிறவள் என் அக்கா. அதற்காக இன்று காலை தன் சர்க்கரை மாத்திரையை மறுபடியும் நிறுத்திவிட்டாள்.

மறுபடியும் என்கிறேன். முதல் முறை நிறுத்தியபோது நடந்தது என்ன? அதைச் சொல்லாமல் நான் யாருக்கு நன்றி சொல்வது? எதற்கு நன்றி சொல்வது? எந்த வாயால் சொல்வது?

பயிற்றுநர் நம் கூடத்துக்கு முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? நாள் பார்த்து வந்தார் ஐயா! வாராந்தரச் சுத்த நாள். தறிகள் எல்லாம் வாய் மூடி நின்றன. நாம் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காற்றுக்குழாயால் ஊதி ஊதிப் பஞ்சுத் தூசியை வெளியேற்றிக்கொண்டிருந்தோம். அவர் நடுவில் வந்து நின்றார். ஒரு தறியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இந்த இரும்புக்கே வாரா வாரம் சுத்தம் வேணும்னா, உங்க உடம்புக்குள்ள எத்தனை வருஷத்து அழுக்கு இருக்கும்னு யோசிச்சீங்களா?"

அவ்வளவுதான். நாம் கவிழ்ந்தோம். இதே வார்த்தையை ஒரு தச்சரிடம் சொல்லியிருந்தால், "போய் வேற வேலை இருந்தா பாருய்யா" என்று சொல்லியிருப்பார். ஓட்டுநரிடம் சொல்லியிருந்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பார். நம்மால் முடியவில்லை. தூசி சேர்ந்தால் நூல் அறுமென்று நமக்குத் தெரியும். நூல் அறுந்தால் துணி கெடுமென்று தெரியும். துணி கெட்டால் யார் தலை உருளுமென்றும் தெரியும். சுத்தம் என்ற சொல்லுக்கு நம் கூடத்தில் இருக்கிற மரியாதை வேறெங்கும் கிடையாது. அந்த மரியாதையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

காலையில் வெந்நீரில் பச்சைப் பொடி. பத்து மணிக்குப் பழுப்பு மாத்திரை. மதியம் உப்பில்லாமல் வேகவைத்த காய். சாயங்காலம் மறுபடியும் பொடி. ஆனால் இது வேறு பச்சை! நானும் குடித்தேன். மறைப்பானேன்? குளத்தில் பாசி அள்ளிக் குடித்தது போலத்தான் இருந்தது. எங்கள் ஃபிட்டர் அண்ணன் மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்து, உள்ளே கிடந்த சுரைக்காய்த் துண்டுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை எல்லாம் ஆடு மாட்டுக்குப் போட்டா, அதுங்க நம்மள ஒரு பார்வை பார்க்கும்மா" என்றார். ஒரு வாரம் தாங்கவில்லை நான். பக்கத்துத் தறிக்காரி வறுவலோடு டப்பாவைத் திறந்தாள். என் திட்டம் அங்கேயே மூடிக்கொண்டது.

காய் தின்னச் சொன்னது தப்பா? இல்லை. எண்ணெயைக் குறைக்கச் சொன்னது தப்பா? இல்லவே இல்லை. அதைச் சொல்ல ஒரு பயிற்றுநர் எதற்கு என்று கேட்கலாம். தப்பென்று சொல்ல மாட்டேன். தப்பு எங்கே தொடங்கியது தெரியுமா? நம் கைபேசிக் குழுவில் தொடங்கியது. அங்கே யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்தான்.

"கோச், தலைவலிக்குது." கழிவு வெளியேறுகிறது, வாழ்த்துகள்! "கோச், தலை சுத்துது." கழிவு வெளியேறுகிறது, வாழ்த்துகள்! "கோச், எழுந்திருக்கவே முடியலை." வெளியேறுகிறது, வெளியேறுகிறது, வாழ்த்துகள்! கூடவே கை தட்டும் படங்கள். உடனே நாமும் தட்டினோம். கேட்கிறேன், நன்றாக இருந்தாலும் பொடியின் வெற்றி, நாசமாகப் போனாலும் பொடியின் வெற்றி என்றால், அந்தப் பொடி தோற்பதற்கு வழியே வைக்கவில்லையா? தோற்க முடியாத பந்தயத்தில் ஓடுகிற குதிரையை நாம் பார்த்திருக்கிறோமா?

இப்போது என் அக்கா. அக்கா, நீ முறைத்தாலும் சொல்லத்தான் போகிறேன். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை உண்டு. அவள் ஒளித்ததில்லை, அவரிடமே கேட்டாள். "மாத்திரையும் ஒரு கழிவுதான்மா. உள்ளே தள்ளிக்கிட்டே வெளியே எடுக்க முடியுமா?" என்றார். அக்கா அன்றே மாத்திரை டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள்.

சில நாளில் அவளுக்குத் தாகம் எடுத்தது. பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் குடித்தாள். தறியை விட்டு விட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். குழுவில் எழுதினாள். வெளியேறுகிறது, வாழ்த்துகள்! உடம்பு மளமளவென்று இளைத்தது. படம் எடுத்துப் போட்டாள். வாழ்த்துகள், வாழ்த்துகள்! முதல் அணியிலேயே அதிகம் இளைத்தவள் என் அக்கா! அதற்குத்தான் அந்தப் பதக்கம். சர்க்கரை ஏறி ஏறி அவள் உடம்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. நாம் எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினோம்.

வெளியிலிருந்து வந்த விருந்தினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டைப் பார்த்துப் பேசுவோம். பத்துத் தறிக்கு அப்பால் நிற்கிறவளின் உதடு எங்களுக்குக் கேட்கும். அன்று அக்கா அப்படித்தான் நின்றாள். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"நூலெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடி."

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன்.

"கோச் கிட்ட சொன்னேன். கண்ணுல இருக்கிற கழிவு வெளியேறுதாம்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே ஓடுகிற தறி மேல் சரிந்தாள். அவள் தறி அவளுக்காக நிற்கவில்லை. ஃபிட்டர் அண்ணன் பாய்ந்து நிறுத்தியிருக்காவிட்டால் இன்று இந்த மேடையில் பதக்கம் இருந்திருக்கும், வாங்கக் கழுத்து இருந்திருக்காது.

தலைவர் அவர்கள் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். நேரமாகிறதாம். தெரியும் ஐயா. அன்று என் அக்காவுக்கும் நேரம் ஆகிக்கொண்டுதான் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" அக்கா, வறண்ட நாக்கை அசைத்து, "உடம்பைச் சுத்தம் பண்றோம் டாக்டர்" என்றாள். "அதுக்குன்னு உள்ளே ரெண்டு கிட்னியும் ஒரு ஈரலும் ராப்பகலா வேலை செய்யுதே, அதுங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப் போய்ச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என்ன சொல்கிறீர்கள் பயிற்றுநர் அவர்களே? சத்தமாகச் சொல்லுங்கள். "அவங்க பாதியில விட்டுட்டாங்க, அதனாலதான்" என்கிறீர்களா? கேட்டீர்களா தாய்மார்களே! இதைத்தான் என் அக்கா காதிலும் ஓதினார். முழுதாக முடிக்காததுதான் அவள் குற்றமாம்! அதனால்தான் அவள் இரண்டாம் அணியில் சேர்கிறாள். விழுந்தவளைத் தூக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஆழமான பள்ளமாகப் பார்த்து விழுந்திருக்க வேண்டும்" என்று சொல்கிற மனிதரை நான் இன்றுதான்...

ஓ. ஒலிபெருக்கி நின்றுவிட்டதா? நின்றதா, நிறுத்தினார்களா? பரவாயில்லை. அந்தக் கம்பியை அப்படி ஓரமாக வையுங்கள் அண்ணே. நம் கூடத்தில் யாருக்கு ஒலிபெருக்கி வைத்தார்கள்? என் முகத்தைப் பாருங்கள். என் உதட்டைப் பாருங்கள். கடைசிச் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, கேட்கிறதா? தலையாட்டுகிறீர்கள்! இந்த மண்டபத்தில் இப்போது என் உதடு கேட்காதவர்கள் மேடையில் இருப்பவர்கள் மட்டும்தான், ஏனென்றால் அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இரண்டே கேள்விகள். நாம் தறியைச் சுத்தம் செய்தால் பஞ்சுத் தூசியை மூட்டை கட்டி வாசலில் வைக்கிறோம். மேற்பார்வையாளர் வந்து மூட்டையைப் பார்க்கிறார். மூட்டை இல்லாவிட்டால் சுத்தம் செய்ததாக ஒப்புக்கொள்வாரா? மாட்டார்! அப்படியானால் பயிற்றுநர் ஐயா, இத்தனை பேர் உடம்பிலிருந்து இத்தனை வாரம் வெளியேறிய அந்தக் கழிவு எங்கே? அதற்குப் பேர் என்ன? அதை எந்தச் சோதனையில் யார் பார்த்தார்கள்? மூட்டையைக் காட்டுங்கள்!

அடுத்தது. நூல் அறுந்தால் தறியின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்ததும் என்ன செய்கிறோம்? ஓடுகிறோம்! விழுந்தடித்து ஓடுகிறோம்! "ஆஹா, தறி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது" என்று நின்று கை தட்டியிருக்கிறோமா? ஒரு நாள்? ஒரே ஒரு நாள்? தாகம் சிவப்பு விளக்கு. மயக்கம் சிவப்பு விளக்கு. நூல் இரண்டாகத் தெரிந்தது பெரிய சிவப்பு விளக்கு. முழத் துணிக்காகப் பதறி ஓடுகிற நாம், நம்மோடு நிற்கிறவளுக்காக ஓடாமல் கைபேசியில் கை தட்டிக்கொண்டிருந்தோமே, நியாயமா?

நாளைக்கு என்னைக் காற்றே வராத மூலைத் தறிக்கு மாற்றுவீர்களா தலைவர் அவர்களே? மாற்றுங்கள். இனி நன்றியுரைக்கு வேறு ஆள் பார்ப்பீர்களா? தாராளமாகப் பாருங்கள். ஆனால் அந்த வாசல் மேசைக்கு என் அக்கா போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற பேக்கிங் அம்மா, நீங்களும்தான். இதய மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற காவலாளி ஐயா, நீங்களும்தான்.

சரி, நன்றியுரை. தறியை நிறுத்திய ஃபிட்டர் அண்ணனுக்கு நன்றி. நூல் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு பறந்த வேன்காரருக்கு நன்றி. அலுத்துப் போனாலும் விட்டுவிடாத டாக்டரம்மாவுக்கு நன்றி. சம்பளமும் கேட்காமல் பதக்கமும் கேட்காமல் நம் எல்லோருக்குள்ளும் உழைக்கிற அந்த ஈரலுக்கும் கிட்னிக்கும் நன்றி.

அக்கா. இன்று மாலை புறப்படும்போது உன் கையில் ஒரு மாத்திரை அட்டையைத் திணித்தேன். நீ அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். உன்னைத் திட்டத்தான் இவ்வளவு பேசினேன் என்று நினைக்காதே. அம்மாவும் போய்விட்டாள். எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடி, அவ்வளவுதான்.

என்ன? என்னைப் பார்த்து உதட்டை அசைக்கிறாள். கொஞ்சம் விலகுங்கள், முன்வரிசை ஐயா, மறைக்கிறீர்கள். திருப்பிச் சொல்லு அக்கா.

பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மேடையில் இருப்பவர்களுக்காக நான் சொல்கிறேன். "பேசினது போதும்டி. மாத்திரை போடணும், தண்ணி கொண்டா" என்கிறாள்.

தலைவர் அவர்களே, உங்கள் முன்னால் மூடி வைத்திருக்கும் அந்தத் தண்ணீர்க் குவளையை இப்படிக் கொடுங்கள். இல்லை, பொடி கலக்காத குவளை. நன்றி.

வழி விடுங்கள், இறங்கி வருகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.