அகராதியின் உயரம்

படிக்கும்போது எனக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்றுக்காக அல்ல. மூடிய அறையில் படித்தால் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்பதுபோல் இருக்கும். என் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். அதை ஒட்டி ஒரு நாற்காலி, கை எட்டும் தூரத்தில் அலமாரி. வேலையிலிருந்து வந்தால் இரவுச் சாப்பாடு வரை அங்கேதான் இருப்பேன். யாரும் வந்து பேசுவதில்லை. நானும் யாரையும் தேடிப் போவதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நிதானமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாலைத் துறையில் இருபத்தாறு வருடமாக அளவெடுப்பவன். வரிசை மாறினால் எனக்கு எல்லாம் தப்பிவிடும்.

எங்கள் தெரு முட்டுச் சந்து. பதினொரு வீடுகள். வெளியே போக ஒரே வழி. அந்த வழியின் முனையில் என் வீடு. கடைசி வீட்டுக்கு இரண்டு வருடம் முன்பு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். அவர்களிடம் ஒரு கார் இருந்தது. கைமாறி வந்ததுதான், ஆனால் ஓட்டப்பந்தயத்துக்கென்றே பிறந்த ரகம். அதை அவர் பட்டறையில் விட்டு ஐந்து சென்டிமீட்டர் கீழே இறக்கினார். தெருக்காரர்கள் அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்தார்கள்.

வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்று அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க சார், டயருக்கும் பாடிக்கும் நடுவுல விரல்கூட போகாது. எப்படி உக்காந்திருக்கு பாத்தீங்களா?"

"வேகம் கூடுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். சும்மா, அழகுக்குத்தான்."

எதையும் தெரிந்துகொள்ளாமல் வெறுப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் படித்தேன், ஒரு மெக்கானிக்கிடமும் கேட்டேன். குட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டி குழிகளை விழுங்காது, அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பும். ஷாக் அப்சார்பர் சீக்கிரம் செத்துப்போகும். சக்கரங்கள் உள்பக்கமாகச் சாய்ந்து டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். எல்லாவற்றையும்விட, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி தரைக்கு மிக அருகே வந்துவிடும். அது உடைந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். ஆள் ஏற ஏற வயிறு இன்னும் இறங்கும். ஆளுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் தூங்கும் நேரத்தில் போய், வண்டிக்கு அடியில் புத்தகங்களைத் தள்ளிப் பார்த்தேன். அளவுகோல் எடுத்துப்போனால் யாராவது ஏதாவது நினைப்பார்கள். கையில் புத்தகம் இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. மூன்று நாவல்களை அடுக்கினேன், போயிற்று. இரண்டு பாகமாக வந்த பெரிய அகராதியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன், வண்டியின் அடியைச் சரியாகத் தொட்டது. வீட்டுக்கு வந்து அகராதியை அளந்தேன். பதின்மூன்று சென்டிமீட்டர். ஆளில்லாத வண்டி அது.

வேகத்தடை வேண்டும் என்ற மனுவை நான்தான் எழுதினேன். பிள்ளைகள் விளையாடும் தெரு, ஆகவே நியாயமான மனு. பதினொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து கடைசி வீட்டுக்காரருடையது. "நல்ல காரியம் சார். நாளைக்கு எங்க வீட்லயும் ஒண்ணு ஓடப்போகுதே," என்றார். பக்கத்தில் நின்ற மனைவி அவர் முதுகில் ஓர் அடி கொடுத்தாள்.

"சத்தம் பிடிக்காதவர், உங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஏன் வேகத்தடையைப் போட்டீர்கள்?" என்று காலையில் நீங்கள் கேட்டீர்கள். எல்லா வண்டியும் அங்கேதானே பிரேக் போட்டு, மறுபடி உறுமிக் கிளம்பும் என்றீர்கள். இடத் தேர்வு விதிப்படி சரியானது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

முதலில் போட்ட மேடு பத்து சென்டிமீட்டர் உயரம். அவரும் மனைவியும் போனால் ஒரு விரல் இடைவெளியில் தப்பும். ஊரிலிருந்து மனைவியின் அம்மா வந்து பின்சீட்டில் உட்கார்ந்தால் உரசும். அப்போதுதான் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தி, பெண்கள் இரண்டு பேரும் இறங்கி, மேட்டை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஏறிக்கொள்வார்கள். அவர் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். மனைவி தெருவில் குனிந்து அடியைப் பார்த்துக் கையை ஆட்டுவாள்.

"வா, வா, வா... நிறுத்து. இன்னும் ரெண்டு விரல் இருக்கு. வா."

"சரியா பாரு, போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

"போன தடவை எங்கம்மாவோட விரல்ல சொன்னேன்."

"மாப்பிள்ளை, என் விரலை ஏன் இழுக்கறீங்க?" என்று அந்த அம்மாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். வண்டி தாண்டியதும் அவள் கூரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவாள்.

அந்த அம்மாள் வந்து தங்கும் நாள்களில் இது தினமும் என் ஜன்னலுக்கு வெளியே எட்டடி தூரத்தில் நடக்கும். நான் அதே பக்கத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதம் கழித்துப் பக்கத்துத் தெருவில் தார் போட்டபோது கொஞ்சம் கலவை மிஞ்சியது. மேஸ்திரியிடம் சொல்லி ஒரு சென்டிமீட்டர் ஏற்றினேன். அவர்கள் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வீம்புக்காக மனைவியைத் தினமும் தெருவில் இறக்கி நடக்கவிடுகிற ஆளிடம் எந்தப் பெண்ணும் ஒரு நாள் சீறுவாள். அது இயற்கை. அவளோ, "இதுக்கு நான் பஸ்லயே போயிருவேன்," என்றாள்.

"அழகுன்னா கொஞ்சம் கஷ்டப்படணும்மா."

"கஷ்டம் எனக்கு, அழகு உன் வண்டிக்கா? நல்லாருக்குடா நியாயம்."

மறுபடியும் சிரிப்பு. பிறகு அவள் கர்ப்பமானாள். ஏழாம் மாதத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மேட்டைத் தாண்டுவாள். ஒரு நாள், "உன் வண்டி வயிறு தரையில இடிக்குது, என் வயிறு டேஷ்போர்டுல இடிக்குது. பொருத்தமான குடும்பம்தான் போ," என்றாள். அவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கால் நழுவி எஞ்சின் அணைந்துவிட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

அன்று நான் புத்தகத்தை மூடிவைத்தேன். பிறகு எழுந்து அறைக்குள் நடந்தேன். ஜன்னலிலிருந்து கதவுக்குப் பதினான்கு அடி. எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. இரவு தூக்கம் வரவில்லை, பகலில் அளவு தப்பியது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு வடிகாலுக்குத் தவறான சரிவு குறித்துக் கொடுத்தேன்.

இரண்டாவது முறை ஏற்றியபோது மேஸ்திரி கேட்டார்: "என்ன சார், இது ஸ்பீடு பிரேக்கரா, அணைக்கட்டா?" பிள்ளைகளின் பாதுகாப்பு என்றேன். உச்சி பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவர் தனியாக, கோணலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் தாண்டலாம். இன்னொரு ஆள் இருந்தால் உரசும். மூன்று பேர் இருந்து, நேராக வந்தால் வயிறு மேட்டின்மேல் உட்கார்ந்துவிடும். இது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுத்தான் உயரத்தைச் சொன்னேன்.

அது திங்கட்கிழமை. மறுநாள் அவர் குனிந்து மேட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "வளர்ந்துட்டே போகுதே சார் இது," என்றார் என்னிடம். கோபம் இல்லை. "பழைய ஸ்பிரிங் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. இந்த ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன். குழந்தை வர்ற நேரம், இனிமே எதுக்கு இந்த வேஷம்."

எனவே ஞாயிறு என்பதும் எனக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை எனக்கு ஜலதோஷம், விடுப்பில் இருந்தேன். மதியம் இரண்டே முக்கால். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். தவளை வரும் சத்தம் கேட்டது. வேகமாக வந்தது. நிற்கவில்லை, கோணலாகவும் திரும்பவில்லை. முன்சக்கரங்கள் தாண்டின. பிறகு இரும்பு தாரில் இழுபடும் ஓசை ஒன்று, நீளமாக. அதன்பிறகு சக்கரம் சுழலும் ஓசை மட்டும். எண்ணெய் ஒழுகி என் வாசல் பக்கமாக ஓடி வந்தது. அந்தச் சரிவு நான் குறித்ததுதான்.

பின்சீட்டில் அவள் அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். சீட்டில் ரத்தம். அவர் இறங்கி வண்டியைத் தூக்கப் பார்த்தார். ஒரு மனிதன் அவ்வளவு எடையைத் தூக்க முடியாது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு முறை முயன்றார். பிறகு என் கதவைத் தட்டினார்.

என் கார் உயரமானது. துறையில் ஏலம் விட்டபோது எடுத்தது. கரடுமுரடான சாலைக்கென்றே செய்த வண்டி, எந்த மேட்டையும் தாண்டும். மேட்டுக்கு வெளிப்புறம், மெயின் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"சார், சாவி குடுங்க சார். அவளுக்கு... ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார்."

நான் கதவைத் திறந்துதான் பேசினேன். ஒளிந்துகொள்ளவில்லை. "பேட்டரி போயிடுச்சு. ஓடாது," என்றேன்.

"சரி சார். மன்னிச்சுக்கோங்க சார்," என்று ஓடினார். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார். அந்த அம்மாள் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். வாடகை வண்டி கிடைக்க நேரமானது. ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பத்தைந்து நிமிடம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்று மாலை நான் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். பேட்டரி நிஜமாகவே போயிருக்கலாம் அல்லவா? முதல் திருப்பலிலேயே ஓடியது.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "அன்னிக்கு உடம்பு சரியில்லாம படுத்திருந்தீங்க. கதவை அப்படித் தட்டினதுக்கு மன்னிச்சுக்கோங்க," என்றார். பிறகு, "நான்தான் சார் கொன்னுட்டேன். அழகு, அழகுன்னு வண்டியை இறக்கி, என் புள்ளையை நானே கொன்னுட்டேன்," என்றார். கடையிலும் தெருவிலும் அதையேதான் சொன்னார். உங்கள் ஸ்டேஷனுக்கே வந்து தன்மேல் வழக்குப் போடச் சொன்னதாகவும், நீங்கள் தண்ணீர் கொடுத்து அனுப்பியதாகவும் கேள்விப்பட்டேன்.

பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார். வண்டி இப்போது எல்லா வண்டிகளையும்போல உயரமாக நிற்கிறது. மேட்டை நேராகவே தாண்டுகிறது. நான்கு மாதம் அவர்கள் இருவரும் வண்டிக்குள் ஒரு வார்த்தை பேசிக் கேட்கவில்லை. தெரு அமைதியாக இருந்தது. நான் பதினொரு புத்தகம் படித்து முடித்தேன்.

நான் வந்த காரணத்தைக் கேட்டீர்கள். குற்றம் செய்யாத ஒருவர் அதைச் சுமக்கிறார், அது சரியல்ல. ஐந்து சென்டிமீட்டர் இறக்கியதால் அது நடக்கவில்லை. நான் ஏற்றியதால் நடந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்ததால் நடந்தது. கணக்கு சரியான பெயரில் இருக்க வேண்டும். எனக்கு மனசாட்சி உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவர்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள். அகராதி, ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி, அன்று மாலை முதல் திருப்பலிலேயே ஓடியது, எல்லாம். அவள் முகத்தைப் பார்த்து, நிதானமாக.

நேற்று மாலை வண்டி மேட்டுக்கு முன்னால் நின்றது. அவள் இறங்கினாள். "இப்ப தட்டாதும்மா, ஏறு," என்றார் அவர். அவள் கேட்கவில்லை. குனிந்து அடியைப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு கையை ஆட்டி, "நாலு விரல் இருக்கு. வா," என்றாள். அவர் மெதுவாகத் தாண்டினார். அவள் கூரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதனால்தான் இன்று காலை முதல் வேலையாக இங்கே வந்தேன்.