எழுந்து நிற்க வைத்த கோட்டு

தானா ராத்தா மலையூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை இன்டர்வியூவுக்குப் போகிறான். அவன் போட்டிருந்த கம்பளிக் கோட்டு மற்றவனுடையது.

"இந்தக் கோட்டப் பாத்துட்டு அந்தத் தோட்டத்துத் தொரையே எந்திரிச்சு நின்னாரு, மச்சான்," என்றான் கோட்டின் சொந்தக்காரன்.

"எப்ப?"

"போன தடவ நான் இன்டர்வியூ போனப்ப. எங்கப்பா தொரை பங்களாவுல சமச்சாருல்ல, பழைய தொரை ஊருக்குப் போறப்ப அவருக்குக் குடுத்த கோட்டு லா. நான் உள்ள நொழஞ்சதும் இப்ப இருக்குற தொரை எந்திரிச்சுக் கை குடுத்தாரு. டீ கொண்டாரச் சொன்னாரு."

"அப்புறம்?"

"எங்கேருந்து வரேன்னு கேட்டாரு. தொழிலாளி லயத்துலேருந்துன்னேன். டீ வரல."

"வேலை?"

"லயத்துப் பயலுக்கு எந்திரிச்சு நின்னுட்டாருல்ல, இனிமே எப்படிக் குடுப்பாரு?"

இன்டர்வியூவுக்குப் போகிறவன் கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். "அப்ப எனக்கு ஏன்டா இதப் போட்டுவிட்ட?"

"இப்பக் கழட்டாத, குளிருது. ஆபீஸ் வாசல்ல கழட்டி, மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு உள்ள போ. எவனோ ஒரு தொரைக்குக் கோட்டுத் தூக்குற ஆளுன்னு நெனச்சாருன்னா, வேலை ஒனக்குத்தான்."