இன்னும் கொஞ்சம் சோறு

காலை வெரிபீ புறநகர் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள், ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் தமிழ்நாடு.

“எங்கட அம்மப்பாவாலதான் ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் தங்களுக்குள்ள அடிபடாம இருந்தவங்கள்,” என்றார் யாழ்ப்பாணத்துப் பெண்.

“என்னக்கா சொல்றீங்க?”

“உலக யுத்தத்தில ரெண்டு பேரும் ஒரே பக்கமெல்லே. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பினாங்கில ஜப்பான்காரற்ர துறைமுகத்திலதான் நிண்டது. அம்மப்பாவுக்கு அங்க குசினியில சமையல் வேலை, ஜெர்மன் பாசையும் கொஞ்சம் விளங்கும். ஒருநாள் ஜெர்மன்காரன் ஒருத்தன் சோறு வேண்டாமெண்டு கோப்பையைத் தள்ளி, தன்ர பாசையில ஏசினவனாம். ஜப்பான் அதிகாரி வாளில கையை வைச்சுக்கொண்டு, ‘என்னவாம்?’ எண்டு அம்மப்பாவை மலாய்ப் பாசையில கேட்டவர்.”

“தாத்தா என்ன சொன்னாரு?”

“‘சோறு நல்லாயிருக்காம், இன்னும் கொஞ்சம் வேணுமாம்.’ அதிகாரி சந்தோசத்தில தன்ர கையாலயே அள்ளிப் போட்டவராம்.”

“அவன் சாப்பிட்டானா?”

“ஓம். வாளைப் பாத்துப் பாத்து முழுக்கச் சாப்பிட்டவனாம்.”