அவர் களத்தில் நின்ற நிமிடங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் விளையாட்டுக் கழகச் செயலாளர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும், மறைந்தவரின் மனைவியும் எனக்குத் தங்கை போன்றவளுமானவளே, பணிமனைத் தோழர்களே, வணக்கம்.

நம் கூடைப்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர், லேத் பிரிவின் கைதேர்ந்த தொழிலாளி, நாமெல்லாம் 'கதவு' என்று அழைத்த மாமனிதர் மறைந்துவிட்டார். ஒரு மணி நேரமாக எல்லோரும் அவரைப் புகழ்கிறீர்கள். மன்னியுங்கள், எனக்கு இந்தப் புகழ்ச்சியின் மேல் சந்தேகம்! அவர் அருமை இத்தனை பேருக்குத் தெரியுமென்றால், அவரை ஆட்டத்திலிருந்து நீக்கியது யார்?

முதல் குற்றவாளி நான்தான். ஸ்கோர் எழுதுகிறவன். ஆட்டத்துக்கு மூன்று புள்ளி, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் இரண்டு. என் திறன் பட்டியலில் அவர் எப்போதும் கடைசி. அவரைப் பயிற்சியாளர் ஏன் விடாமல் இறக்குகிறார்? சொந்தக்காரரோ? மோப்பம் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்தேன். மறுவாரமே அவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

கோபப்பட்டாரா? இல்லை! ஸ்கோர் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, நான் போட்டதை எழுதுறீங்க. நான் போட விடாததை எங்க எழுதுறீங்க?"

"சாக்கு சொல்லாதப்பா," என்றேன்.

ஆனாலும் அந்தக் கேள்வி குடைந்தது. பழைய தாள்களை எடுத்தேன். எதிராளியை அவர் மறித்து நிற்பார். இடி அவருக்கு, புள்ளி நம் ஷூட்டருக்கு. என் தாளில் ஷூட்டர் மட்டும்தான் இருந்தார்! ஆள் மாற்றிய நேரக் குறிப்புகளை வைத்து, அவர் களத்தில் நின்ற நிமிடங்களின் புள்ளிகளை மட்டும் கூட்டினேன். எல்லா ஆட்டமும் சேர்த்து நாம் நூற்றுப் பதினாறு புள்ளி முன்னிலை! என் கூட்டலையே சந்தேகித்தேன். நல்ல ஆட்டக்காரர்களோடு நின்றதால் வந்த எண்ணோ? மாற்று ஆட்டக்காரர்களோடு அவர் நின்ற நிமிடங்களைத் தனியே பிரித்தேன். அங்கும் முன்னிலைதான்.

செயலாளரிடம் காட்டினேன். "என்ன, அவன் உங்களுக்கு வேண்டியவனா?" என்றார். நினைவிருக்கிறதா, ஐயா?

அந்த ஆட்டக்காரரிடம் காட்டினேனா? காட்டவில்லை! தப்பை ஒத்துக்கொள்ள வெட்கம். நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு பருவம் ஓடியது. போன வாரம் லேத்தின் முன்னாலேயே அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

தோழர்களே, உறுதி சொல்கிறேன். இனி ஒவ்வொருவரும் களத்தில் நின்ற நிமிடங்களை எழுதாமல் எந்தப் பட்டியலிலும் கையெழுத்திட மாட்டேன். என் தாளையும் நம்பிவிடாதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள்!

சற்றுமுன் வாசலில் அவர் மனைவி, இந்தத் தங்கை, என்னிடம் கேட்டாள்: "அண்ணே, அவரு நெசமாவே நல்லா ஆடுவாரா? 'சும்மா நிக்கத்தான் போறேன்'னு சொல்வாரு."

தங்கச்சி, நல்லா ஆடினார்மா. எனக்குத்தான் பார்க்கத் தெரியல.