ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

சுமலதா: ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதாப்பா? பாகூர்ல பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தா நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்.

சாமிக்கண்ணு: பெத்த பொண்ணப் பாக்க அப்பன் பர்மிசன் வாங்கிக்கினு வரணுமா?

சுமலதா: அதுக்கில்லப்பா. ரூம் கெடக்குற கோலத்தப் பாருங்க. மொதல்ல ஒக்காருங்க.

சாமிக்கண்ணு: இருக்கட்டும். பஸ்ஸுல ஒக்காந்தேதான் வந்தேன்.

சுமலதா: அம்மா எப்படி இருக்காங்க?

சாமிக்கண்ணு: அவளுக்கு இன்னா. நல்லா இருக்கா.

சுமலதா: அறுப்பு முடிஞ்சுதா?

சாமிக்கண்ணு: முடிஞ்சுது, முடிஞ்சுது... ஏன் இப்படிப் பட்டப்பகல்ல ஜன்னலச் சாத்தி வெச்சிருக்க?

சுமலதா: தூங்கிட்டிருந்தேன்.

சாமிக்கண்ணு: ஞாயித்துக்கெழம ஆபீசுல வேலன்னு சொல்லுவியே.

சுமலதா: இன்னிக்கு லீவு.

சாமிக்கண்ணு: போன வாரம்?

சுமலதா: போன வாரமும்... லீவுதான்.

சாமிக்கண்ணு: அதுக்கு முன்ன வாரம்?

சுமலதா: என்னப்பா, போலீஸ்காரர் மாதிரி. ஒக்காந்து பேசுங்களேன். நீங்க குறுக்கும் நெடுக்கும் நடக்குறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. ஊர்ல யாருக்காச்சும் ஏதாவது...

சாமிக்கண்ணு: ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆமா, இப்ப இன்னா வேல செய்யிற?

சுமலதா: அதேதான். வெப்சைட். சொன்னா உங்களுக்குப் புரியாது.

சாமிக்கண்ணு: புரியிறாப்ல சொல்லு.

சுமலதா: பீச்சுக்குப் பக்கத்துல பழைய பிரெஞ்சு வீடு ஒண்ண ஓட்டலா மாத்தியிருக்காங்க. வெளிநாட்டுக்காரங்க அவங்க ஊர்ல இருந்துக்கிட்டே கம்ப்யூட்டர்ல ரூமப் பாத்து புக் பண்றாப்ல செஞ்சு குடுத்தேன்.

சாமிக்கண்ணு: ம்... மாடிப்படியில வெள்ளப் பூன படுத்திருக்குமே, அந்த ஓட்டலா?

சுமலதா: ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

சாமிக்கண்ணு: ஓட்டல்னா பூன இல்லாமயா இருக்கும்.

சுமலதா: வெள்ளப் பூனன்னு சொன்னீங்க.

சாமிக்கண்ணு: பூனன்னா வெள்ளையா இருக்கும், இல்லன்னா கறுப்பா இருக்கும். கொஞ்சம் தண்ணி குடு.

சுமலதா: இந்தாங்க. நீங்க அந்தத் தெருப்பக்கம் போனீங்களா?

சாமிக்கண்ணு: எனக்கு அங்க இன்னா ஜோலி? நீ சொல்லு. வேற இன்னா செஞ்ச?

சுமலதா: பிரான்சுல ஒரு ஒயின் கடைக்காரர். நீலம் பத்தல, இன்னும் கொஞ்சம் நீலம், இன்னும் கொஞ்சம் நீலம்னு உயிர எடுக்குறார். அந்த வெறுப்புல போன வாரம் அவர் வெப்சைட்டுல வேற ஒரு கடையோட போன் நம்பரப் போட்டுட்டேன்.

சாமிக்கண்ணு: நீயா? நீ அப்படியெல்லாம் தப்பு பண்ற ஆள் இல்லியே.

சுமலதா: பண்ணிட்டேன். எங்க முதலாளி ராமதாஸ் சார் எல்லாருக்கும் முன்னாடி சத்தம் போட்டார். இதோ, அடிக்கிறது அவர் போன்தான்.

சாமிக்கண்ணு: எடுத்துப் பேசு.

சுமலதா: வேணாம்... அடிச்சு ஓயட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்.

சாமிக்கண்ணு: காலையில சாப்ட்டியா?

சுமலதா: ம்.

சாமிக்கண்ணு: இன்னா சாப்ட்ட?

சுமலதா: அப்பா...

சாமிக்கண்ணு: சரி, வுடு. அந்தக் காதுவலி இன்னா ஆச்சு? தண்ணி பூந்து ரெண்டு நாளு ஒரு பக்கமா படுக்க முடியலன்னு...

சுமலதா: அது அப்பவே சரியாப் போச்சு.

சாமிக்கண்ணு: ம்.

சுமலதா: இருங்க. காதுவலின்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே.

சாமிக்கண்ணு: உங்கம்மாகிட்ட சொல்லியிருப்ப.

சுமலதா: அம்மாகிட்டயும் சொல்லல. கடல்ல நீச்சல் பழகுறேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வந்து கையப் புடிச்சு ஊருக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. யார் சொன்னாங்க?

சாமிக்கண்ணு: யாரோ சொன்னாங்க.

சுமலதா: நம்ம ஊரு சக்கரபாணி அண்ணனா? மேட்டுப்பாளையம் கம்பெனிக்குப் போறேன்னு தெனம் இந்த முத்தியால்பேட்டை வழியாத்தான் வண்டியில போவுது. அத வேவு பாக்க வெச்சிருக்கீங்களா?

சாமிக்கண்ணு: அவன ஏன் இழுக்கிற? பாவம், அவன் வேலையே அவனுக்கு ஓயல.

சுமலதா: அப்ப வேற யாரு? சொல்லுங்கப்பா. நான் என்ன பண்றேன், எங்க போறேன்னு ஆள் வெச்சுப் பாக்குற அளவுக்கு...

சாமிக்கண்ணு: ஆளு யாரும் வெக்கல. நீயேதான் சொன்ன.

சுமலதா: நானா?

சாமிக்கண்ணு: நீதான். கம்ப்யூட்டர்ல.

சுமலதா: கம்ப்யூட்டர்லயா?

சாமிக்கண்ணு: பாகூர் பஸ் ஸ்டாப்புல அன்னக்கிளி பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கு இல்ல? உன் சித்தி பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட் பாக்க அங்க போனேன். எம் பொண்ணு கம்ப்யூட்டர்லதான் வேல செய்யுதுன்னு பெருமைக்குச் சொன்னேன். பேரு இன்னான்னு கேட்டுச்சு, தட்டுச்சு. நீ வந்துட்ட. போட்டோவோட.

சுமலதா: என் வெப்சைட் பக்கமா...

சாமிக்கண்ணு: ஒரு பக்கம் நீ செஞ்ச வேலைங்க. இன்னொரு பக்கம் லீவு நாள்ல எங்க போன, இன்னா பண்ணன்னு எழுத்து. எல்லாம் இங்கிலீசு. அன்னக்கிளி படிச்சுத் தமிழ்ல சொல்லிச்சு.

சுமலதா: அது கிளையண்ட்டுங்களுக்காக எழுதுறதுப்பா. வேலைய மட்டும் போட்டா மெசின் மாதிரி இருக்குது, கொஞ்சம் உன்னப் பத்தியும் எழுதுன்னு ராமதாஸ் சார்தான் சொன்னார்.

சாமிக்கண்ணு: யாருக்காக எழுதுனா இன்னா? அடுத்த வாரம் போனேன், புதுசா எழுதியிருந்த. அதுக்கு அடுத்த வாரம் உங்கம்மாவும் கெளம்பிட்டா. ஜெராக்ஸ் மிசினு பக்கத்துல ஸ்டூலு போட்டு ஒக்காந்துப்பா. நீ மீன் கொழம்புல ரெண்டு தடவ உப்பு போட்டத அன்னக்கிளி படிச்சப்ப அவ சிரிச்ச சிரிப்புல வெளிய பஸ்ஸுக்கு நின்னவங்கல்லாம் எட்டிப் பாத்தாங்க.

சுமலதா: எவ்வளவு நாளாப்பா?

சாமிக்கண்ணு: போன வருசம் ரிசல்ட் வந்ததுலேர்ந்து.

சுமலதா: ஐயோ. அப்ப... எல்லாத்தையும் படிச்சீங்களா?

சாமிக்கண்ணு: எல்லாத்தையும்தான். செஞ்சிக்கு சைக்கிள் மிதிச்சு நடுவழியில பஞ்சர் ஆனது. கோட்ட மேல ஏறி மழையில நனஞ்சது. குருசுக்குப்பத்துல படகுல போயி வாந்தி எடுத்தது. எல்லாம்.

சுமலதா: அப்பா, நான்...

சாமிக்கண்ணு: நாங்க செஞ்சிக்குப் போனோம். நாங்க படகுல போனோம். நாங்க மீன் வாங்குனோம். அன்னக்கிளிதான் அப்படி அப்படியே படிக்கிறாளே. ஒருநாள் கேட்டேன், யாரும்மா அது நாங்கன்னு. அவ மவுசப் புடிச்சு மேலயும் கீழயும் உருட்டுனா. அப்புறம், இங்கிலீசுல அப்படித்தான் மாமா எழுதுவாங்கன்னு சொன்னா.

சுமலதா: நீங்க நம்பிட்டீங்களா?

சாமிக்கண்ணு: நான் நம்பிட்டேன். உங்கம்மா நம்பல. வீட்டுக்கு வர்ற வழியில, ரெண்டு பேருய்யா, அதுல ஒருத்தன் ஆம்பளன்னு சொன்னா.

சுமலதா: எப்படிச் சொன்னாங்க?

சாமிக்கண்ணு: பஞ்சர் போட்டது யாருன்னு நீ எழுதலையாம். நீயே போட்டிருந்தா அதப் பெருசா எழுதியிருப்பன்னு சொன்னா.

சுமலதா: அன்னிக்கே ஏன் வந்து கேக்கல?

சாமிக்கண்ணு: கேக்க வாய் வரல. கோவம். அந்தக் கடைப்பக்கமே போகல நான். கழனியிலயே கெடந்தேன். உங்கம்மா மட்டும் வாராவாரம் போயிட்டு வந்து சோறு போடும்போது சொல்லுவா. காதுல விழாத மாதிரி சாப்டுவேன்... ஆனா கேட்டுக்குவேன்.

சுமலதா: ஒக்காருங்கப்பா.

சாமிக்கண்ணு: யாரு அவன்? நான் கேக்குறேன் இல்ல?

சுமலதா: பேரு லூக்கா. அந்த ஓட்டல் வெப்சைட்டுக்குப் போட்டோ எடுக்க வந்தார். பூனய எடுத்தது அவர்தான்.

சாமிக்கண்ணு: போட்டோன்னா, கல்யாண வீட்டுல எடுக்குறதா?

சுமலதா: அதுவும் எடுப்பார். வீடு குருசுக்குப்பம். அவங்க அப்பா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்குறவர். மாமா சிமோன் படகு வெச்சிருக்கார்.

சாமிக்கண்ணு: பிரான்சுக்காரங்கன்னு காயிதம் இருக்குற குடும்பம். அப்ப உன்னயும் அங்க கூட்டிக்கினு போயிடுவான்.

சுமலதா: அவர் தங்கச்சி அனைஸ் அங்கதான் இருக்கா. அவளே கூப்புட்டும் இவர் போகல. கடல விட்டுட்டுப் போக மாட்டேன்னுட்டார்.

சாமிக்கண்ணு: வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன்.

சுமலதா: ஆமா.

சாமிக்கண்ணு: எங்ககிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்ல.

சுமலதா: பொங்கலுக்கு அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க மாட்டுக்குக் கொம்பு சீவிட்டிருந்தீங்க. பக்கத்துல வந்து வந்து நின்னேன். பெயிண்டு டப்பாவப் புடின்னு சொன்னீங்க, புடிச்சேன். அப்படியே திரும்பி வந்துட்டேன்.

சாமிக்கண்ணு: ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

சுமலதா: பெரியப்பா பையன் வேற சாதியில கட்டினப்ப நீங்க கல்யாணத்துக்குப் போகல. இன்னிக்கு வரைக்கும் அந்த அண்ணி குடுத்தா ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. நான் எப்படிச் சொல்லுவேன்?

சாமிக்கண்ணு: ...ஆமா. குடிக்கலதான்.

சுமலதா: அவர் ரொம்பப் பொறுமையா இருந்தார். பொங்கல் முடிஞ்சு நான் ஒண்ணும் பேசாம வந்தத அவரால தாங்க முடியல. நான் ஒளிச்சு வெக்கிற சாமானா லதா, உங்க அப்பா அம்மாகிட்ட சொல்லு, அவங்க திட்டினா ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம்னார். எனக்கு இன்னும் டைம் வேணும்னேன். அதுவரைக்கும் நான் வரலன்னு போயிட்டார்.

சாமிக்கண்ணு: அதோட எழுதுறத நிறுத்திட்ட.

சுமலதா: எதப்பா எழுதுறது? ஞாயித்துக்கெழம வந்தா எங்க போறதுன்னு தெரியல. ஒருநாள் பெரிய மார்க்கெட் வரைக்கும் போனேன், எதுக்கு வந்தேன்னே ஞாபகம் இல்ல. சும்மா சுத்திட்டு வந்துட்டேன். அதயா எழுத முடியும்?

சாமிக்கண்ணு: மூணு வாரமா புதுசா ஒண்ணும் இல்ல மாமின்னு அன்னக்கிளி சொல்லியிருக்கு. உங்கம்மா வீட்டுக்கு வந்து அழுவுறா. இன்னா ஆச்சோ, கடலுக்குப் போனாளே, சைக்கிள்ல போனாளேன்னு. போன் பண்ணா நல்லா இருக்கேன், வேல இருக்குன்னு வெச்சுடுற.

சுமலதா: அழுதாங்களா?

சாமிக்கண்ணு: சோறு எறங்கல அவளுக்கு. எனக்கும்தான். இத்தினி மாசமா யாருன்னு தெரியாத ஒருத்தன் மேல கோவமா இருந்தேன். மூணு வாரமா, அந்தப் பையன் கூட இருந்தானே, அவனாச்சும் பாத்துக்க மாட்டானான்னு இருக்கு. எங்க போயி சொல்ல.

சுமலதா: இனிமே அவர் வர மாட்டார்ப்பா.

சாமிக்கண்ணு: அதெப்படி உனக்குத் தெரியும்?

சுமலதா: இன்னிக்குக் காலையில மனசு கேக்காம போன் பண்ணேன். மறுபடியும் பண்ணேன். எடுக்கவே இல்ல. வுட்டுடுங்க. நீங்க சரின்னு சொல்லவும் வேணாம், இல்லன்னு சொல்லவும் வேணாம். எல்லாம் முடிஞ்சு போச்சு.

சாமிக்கண்ணு: நான் சரின்னு இன்னும் சொல்லல லதா. நாக்குல அது வரல. ஆனா இன்னிக்குக் காலையில அவன் எப்படிப் போன எடுப்பான்? மொத பஸ்ஸப் புடிச்சு நானும் உங்கம்மாவும் குருசுக்குப்பத்துல நீ எழுதியிருந்த சிமோன் படகு எதுன்னு கேட்டு, நேரா அவன் வீட்டுக்குத்தான் போனோம். யாரு அவன்னு உன் வாயால கேக்கத்தான் தெரியாத மாதிரி கேட்டேன். சண்ட போடத்தான் போனேன். எம் பொண்ண ஏண்டா வுட்டுட்டுப் போனன்னு கேட்டா, நான் வுடலங்க, உங்களுக்குத் தெரியாம உங்க பொண்ணோட இருக்க எனக்குக் கூச்சமா இருக்குங்கன்னான். அவங்கம்மா காப்பி குடுத்தாங்க... குடிச்சேன். உங்கம்மா இன்னும் அங்கதான் ஒக்காந்திருக்கா, உன்னக் கூட்டிக்கினு வரச் சொன்னா. கெளம்பு.